கைப்பிடிக்குள் ஒரு பின்

ரிவால்வர் என்றால் நம் வயதுக்காரர்களுக்கு ஜெய்சங்கர்தான் ஞாபகம் வருவார். "தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்" என்று போஸ்டரில் போட்டிருக்கும். டெண்டு கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து அந்தப் படங்களைப் பார்த்த நாங்கள் யாரும் ரிவால்வரின் கைப்பிடியைக் கவனித்ததில்லை. குண்டு வருகிற பக்கத்தைத்தானே எல்லோரும் பார்ப்பார்கள்! இன்று நான் எழுதப் போவது அந்தக் கைப்பிடியைப் பற்றி. அதிலும் கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கும், ஏறக்குறைய ஒரு தீக்குச்சிப் பருமன் உள்ள, விரல் அகலம்கூட நீளமில்லாத ஒரு துண்டு இரும்பைப் பற்றி.

முதலில் அது என்ன வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி ரிவால்வரை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி என்பது உள்ளே ஒரு இரும்புச் சட்டம், அதன் இரண்டு பக்கமும் இரண்டு தகடுகள். தகடு வால்நட் மரத்தில் இருக்கும், அல்லது கறுப்பு எபோனைட்டில் இருக்கும். (நம் பள்ளி நாட்களில் எபோனைட் பேனா வைத்திருந்தோமே, அதே சரக்கு. ரப்பரில் கந்தகத்தை நிறையச் சேர்த்து வேகவைத்துக் கெட்டியாக்கியது. 1851ல் நெல்சன் குட்இயர் என்பவர் அதற்குப் பேட்டண்ட் வாங்கினார்.) இரண்டு தகடுகளையும் குறுக்கே போகும் ஒரே ஒரு ஸ்க்ரூ இழுத்துப் பிடிக்கிறது.

ஒரே ஸ்க்ரூ என்றால் என்ன ஆகும்? சுவரில் ஒற்றை ஆணியில் மாட்டிய படம் மாதிரி, தகடு அந்த ஸ்க்ரூவைச் சுற்றித் திரும்பப் பார்க்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி பின்னால் உதைக்கும். அந்த உதையில் தகடு நகர்ந்துகொண்டே போகும். அதைத் தடுக்கத்தான் இந்தப் பின். கைப்பிடிச் சட்டத்தின் அடிப்பக்கத்தில் குறுக்கே ஒரு துளை போட்டு, அதில் பின்னை இறுக்கமாக அடித்திருப்பார்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். தகடுகளின் உள்பக்கம் அதற்கேற்ற சிறு குழி. மேலே சட்டத்தின் வளைவு பிடித்துக்கொள்கிறது, நடுவில் ஸ்க்ரூ, கீழே பின். தகடு எந்தப் பக்கமும் அசையாது. வெளியிலிருந்து பார்த்தால் பின் இருப்பதே தெரியாது.

இது என் கவனத்துக்கு வந்தது ஒரு பள்ளித் தோழரால். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். அவருடைய அப்பா வால்பாறைப் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். 1950களில் எஸ்டேட்டை விட்டு ஊருக்குப் போன வெள்ளைக்கார மேனேஜரிடமிருந்து முறைப்படி லைசென்ஸோடு வாங்கிய .32 ரிவால்வர், அப்பாவுக்குப் பிறகு இவர் பெயருக்கு மாறியது. அவருக்குத் தெரிந்து அதை யாரும் சுட்டதில்லை. தேர்தல் அறிவிப்பு வந்தால் ஒப்படைத்து ரசீது வாங்குவார், முடிந்ததும் திரும்ப வாங்கி வருவார், லைசென்ஸைப் புதுப்பிப்பார். அவ்வளவுதான் அதன் வாழ்க்கை. ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வந்து ஒரு பொட்டு வைத்துக்கொள்ளும்.

போன வருடம் பூஜைக்குத் துடைக்கும்போது கைப்பிடித் தகடு ஆடியிருக்கிறது. ஸ்க்ரூவை முடுக்கினால் நிற்கிறது, எடுத்து உதறினால் மறுபடி ஆடுகிறது. கழற்றிப் பார்த்தால் பின் ஒரு பக்கம் துருவேறி உடைந்து, துளைக்குள்ளே மொட்டையாக நிற்கிறது. வால்பாறை மழையில், தோல் உறைக்குள்ளேயே வருடக்கணக்காகப் போட்டு வைத்த பலன். தோல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். துப்பாக்கியைத் தோல் உறையில் வைத்துப் பூட்டக்கூடாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வது அதனால்தான்.

"நாற்பது வருஷம் டூல் ரூமில இருந்தவன் நீ. ஒரு பின்னைக் கடைஞ்சு குடுக்க மாட்டியா?" என்றார் போனில்.

கடையலாம். வீட்டுப் பின்கட்டில் இன்னும் என் சின்ன லேத் இருக்கிறது. பத்து நிமிட வேலை. ஆனால் முடியாது என்றேன். 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில் ஆயுதத்தின் பாகங்களும் அடக்கம். லத்தி, சாதாரணக் கைத்தடி மாதிரி சமாச்சாரங்களைத்தான் அதிலிருந்து விட்டிருக்கிறார்கள். 5ஆம் பிரிவின்படி துப்பாக்கியைச் செய்வதற்கு மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் லைசென்ஸ் வேண்டும். தோழருக்கு இருப்பது வைத்துக்கொள்ளும் லைசென்ஸ். எனக்கு எதுவுமே இல்லை. ஒரு துண்டுக் கம்பிக்கு யார் கேஸ் போடப் போகிறார்கள் என்று அவர் கேட்டார். யாரும் போடமாட்டார்கள்தான். ஆனாலும் 78 வயதில் அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஆசையில்லை. அவருக்குக் கோபம். மூன்று வாரம் போன் வரவில்லை.

(இந்தச் சட்டத்துக்கு முந்தையது 1878ல் லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்தது. இந்தியனுக்கு லைசென்ஸ் கட்டாயம், வெள்ளைக்காரருக்கு விலக்கு என்று இருந்த சட்டம். சுதேச மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே வருடம்தான். ஒரே வருடத்தில் கையையும் கட்டினார்கள், வாயையும் கட்டினார்கள்.)

அந்த மூன்று வாரம் நான் சும்மா இருக்கவில்லை. கடையக்கூடாது என்றால் வாங்கத்தானே வேண்டும்? அதே மாடலுக்கு ஒரு பின் கிடைத்தால் போட்டுவிடலாமே? இந்தக் கேள்வி என்னை 200 வருடத்துக்கு மேல் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு பொருளின் பாகம் கெட்டுப்போனால் அதே மாதிரி இன்னொன்றை வாங்கிப் போடலாம் என்ற நினைப்பு நமக்கு இன்று மூச்சு விடுவது மாதிரி. சைக்கிளுக்கு வாங்குகிறோம், மிக்ஸிக்கு வாங்குகிறோம். அந்த நினைப்பு பிறந்து வளர்ந்ததே துப்பாக்கித் தொழிலில்தான்.

அதற்கு முன் துப்பாக்கி என்பது தட்டான் நகை செய்வது போலத்தான். ஒவ்வொன்றையும் அரத்தால் ராவிப் பொருத்துவார்கள். போர்க்களத்தில் ஒரு சிறு ஸ்ப்ரிங் உடைந்தால் முழுத் துப்பாக்கியும் பட்டறைக்குப் போக வேண்டும். ஒன்றின் பாகம் இன்னொன்றில் உட்காராது.

பிரான்சில் ஒனோரே பிளாங்க் என்ற துப்பாக்கித் தொழிலாளி இதை மாற்றப் பார்த்தார். 1785ல் தாமஸ் ஜெஃபர்சன் அமெரிக்கத் தூதராகப் பாரிஸில் இருந்தார். பிளாங்கின் பட்டறைக்குப் போனார். துப்பாக்கியின் விசைப் பகுதி 50ஐக் கழற்றி, பாகங்களை அறை அறையாகப் பிரித்து வைத்திருந்தார் பிளாங்க். ஜெஃபர்சன் கைக்கு வந்ததை எடுத்துத் தானே சிலவற்றைக் கோத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தின. வியந்துபோய் ஊருக்குக் கடிதம் எழுதினார். தூதராகப் போன ஒரு பெரிய மனிதர் கையைக் கறையாக்கிக்கொண்டு விசையைக் கோத்துப் பார்த்திருக்கிறாரே என்பதில்தான் எனக்கு அவர்மேல் ஒரு தனி மரியாதை.

அடுத்து வருபவர் இலை விட்னி. கோவை, திருப்பூர்க்காரர்களுக்கு இவர் ஒரு வகையில் உறவு. பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின்னுக்கு 1794ல் அமெரிக்காவில் பேட்டண்ட் வாங்கியவர். ஜின்னிங் ஃபேக்டரி என்று நாம் சொல்லும் ஜின் அதுதான். ஜின்னில் எதிர்பார்த்த காசு வரவில்லை என்று துப்பாக்கிக்குத் தாவினார். 1798ல் அமெரிக்க அரசோடு ஒப்பந்தம்: இரண்டே வருடத்தில் 10,000 துப்பாக்கி. நாள் ஓடியது, துப்பாக்கி வரவில்லை. 1801ல் வாஷிங்டனுக்குப் போய் அதிபர் ஜான் ஆடம்ஸுக்கும், அடுத்து அதிபராகவிருந்த அதே ஜெஃபர்சனுக்கும் முன்னால் பாகங்களை மாற்றி மாற்றிப் பொருத்திக் காட்டினார். எல்லோரும் அசந்து போனார்கள். தவணை நீண்டது. 10,000ஐ முடிக்கையில் 1809 ஆகிவிட்டது.

நான் படித்த பொறியியல் புத்தகத்தில் பாகங்களை மாற்றிப் போடும் முறையைக் கண்டுபிடித்தவர் விட்னி என்றே போட்டிருந்தது. எங்கள் ஃபோர்மேனும் அதையே சொல்வார். ஆனால் 1960ல் ராபர்ட் உட்பரி என்ற வரலாற்றாசிரியர் அந்தக் கதையைக் கேள்வி கேட்டார். மியூசியத்தில் இருக்கும் விட்னி துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்த்ததில், ஒன்றின் பாகம் இன்னொன்றில் சேரவில்லை. எது எந்தத் துப்பாக்கிக்கு என்று தெரிய தனித்தனி அடையாளம் வேறு போட்டிருந்தார்கள். வாஷிங்டனில் காட்டியது அதற்கென்றே பொறுக்கி ராவிக் கொண்டுபோன சரக்காகத்தான் இருக்க வேண்டும் என்பது இப்போது பலரின் கருத்து. இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் நல்ல ஜாப்பை எடுத்து மேஜைமேல் வைக்கும் பழக்கம் நம் தொழிற்சாலைகளிலும் உண்டு. அதனால் எனக்கு விட்னிமேல் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

உண்மையில் அதைச் செய்து காட்டியவர் பெயர் பாடப் புத்தகத்தில் இல்லை. ஜான் ஹால். ஹார்ப்பர்ஸ் ஃபெரி என்ற ஊரில் இருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலையில் 1820களில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் கேஜ் செய்து, அந்தக் கேஜ்களைச் சரிபார்க்கத் தாய்க் கேஜ் செய்து, பல வருடம் பொறுமையாக வேலை பார்த்தார். சோதனைக்கு வந்த குழு அவருடைய துப்பாக்கிகளைக் கழற்றிக் கலந்து மறுபடி கோத்துப் பார்த்து ஒப்புக்கொண்டது. செலவு மட்டும் எக்கச்சக்கம். அரசாங்கப் பணம் என்பதால் நடந்தது. தனியார் முதலாளி முதல் வருடமே இழுத்து மூடியிருப்பார்.

ரிவால்வர் கதைக்கு வருவோம். சாமுவேல் கோல்ட் 1836ல் அமெரிக்கப் பேட்டண்ட் வாங்கினார். 1851ல் லண்டன் கண்ணாடி மாளிகையில் நடந்த உலகக் கண்காட்சியில் கடை பரப்பினார். மெஷினிலேயே செய்த ரிவால்வர், ஒன்றின் பாகம் இன்னொன்றுக்கு ஆகும் என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. 1853ல் லண்டன் பிம்லிகோவில் தொழிற்சாலையே திறந்தார். நாலு வருடத்துக்குள் மூடியும் விட்டார். ஆனால் அவர் கொண்டுவந்த மெஷின்களைப் பார்த்த பிரிட்டிஷ் அரசு 1854ல் பாராளுமன்றக் குழு வைத்து விசாரித்தது, அமெரிக்க மெஷின்களை வாங்கி என்ஃபீல்டு தொழிற்சாலையில் இறக்கியது. அந்த என்ஃபீல்டின் 1853 மாடல் ரைஃபிள்தான், கொழுப்புத் தடவிய தோட்டாவோடு வந்து 1857ல் நம் சிப்பாய்களைக் கொதிக்க வைத்தது.

சரி, கோல்ட் ரிவால்வரின் பாகங்கள் நிஜமாகவே மாறிப் பொருந்தினவா? அந்தக் காலத்துக் கோல்ட் ஒன்றைக் கழற்றினால் சட்டத்தில், குழலில், உருளையில், விசைக் காப்பில், கைப்பிடி வளையத்தில் என்று பாகத்துக்குப் பாகம் ஒரே நம்பர் அடித்திருக்கும். எது வேண்டுமானாலும் எதற்கும் சேரும் என்றால் நம்பர் எதற்கு? வேறொன்றுமில்லை. இரும்பு மெதுவாக இருக்கும்போது அரம் போட்டுப் பொருத்தி, பிறகு கழற்றிச் சூடேற்றிக் கடினமாக்கி, மறுபடி அதே பாகங்களைத் தேடிச் சேர்ப்பார்கள். குடும்பம் பிரியக்கூடாது என்றுதான் நம்பர். நம் வீட்டுத் தையல் மிஷின் சிங்கரும் அப்படியே. 1880ஐ ஒட்டிய காலம் வரைக்கும் ஃபிட்டர்கள் அரத்தோடு உட்கார்ந்து பொருத்தித்தான் சிங்கர் மிஷின் வெளியே போனது என்று டேவிட் ஹவுன்ஷெல் என்ற பேராசிரியர் 1984ல் ஒரு தடித்த புத்தகமே எழுதியிருக்கிறார்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இருந்த ஊர் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்ப்ரிங்ஃபீல்டு. அமெரிக்க அரசின் பெரிய ஆயுதத் தொழிற்சாலை இருந்த அதே ஊர். ஹொரேஸ் ஸ்மித் இளவயதில் அங்கே வேலை பார்த்தவர். கேஜ் வைத்து அளக்கும் பழக்கம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும். 1870களில் ரஷ்ய ராணுவத்துக்கே 1 லட்சத்துக்கும் மேல் ரிவால்வர் அனுப்பினார்கள். 1896ல் .32 லாங் என்ற தோட்டாவை அறிமுகப்படுத்தினார்கள். கான்பூரில் நம் அரசுத் தொழிற்சாலை செய்யும் .32 ரிவால்வரில் இன்றைக்கும் போடுவது அந்தத் தோட்டாதான். 125 வருடம் தாண்டியும் தோட்டா மாறவில்லை. ஆனால் கான்பூர் ரிவால்வர் பிரிட்டிஷ் வெப்ளியின் ஜாடை. தோட்டா ஒன்று என்பதால் கைப்பிடிப் பின்னும் ஒன்று என்று நினைத்துவிடக்கூடாது.

அப்படிப்பட்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸனிலும் ஒரு இடத்தில் மட்டும் பழைய வழக்கம் நின்றுபோகவில்லை. அது கைப்பிடி. தகட்டைச் சட்டத்தில் ஏற்றி, இரண்டையும் சேர்த்தே தேய்த்து, விளிம்பு தட்டாமல் வழவழப்பாக்குவார்கள். அப்படித் தேய்த்த தகடு அந்த ஒரு சட்டத்துக்குத்தான் கச்சிதம். பாலிஷ் போடும்போது கலந்துவிடாமல் இருக்க, வலது தகட்டின் உள்பக்கத்தில் துப்பாக்கியின் நம்பரை அச்சடித்தோ, பென்சிலால் எழுதியோ, எபோனைட் என்றால் கீறியோ வைப்பார்கள். மற்ற பாகங்களெல்லாம் மெஷினுக்குப் போன பிறகும் அங்கே தகட்டில் நம்பர் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதைப் படித்ததும் எனக்குக் கை பரபரத்தது. மூன்று வாரக் கோபத்தை நானே போன் செய்து முடித்து வைத்தேன். "ரைட் சைடுத் தகட்டைக் கழட்டி உள்ளே ஏதாவது கீறல் இருக்கான்னு பாரு" என்றேன். ஐந்து நிமிடம் கழித்து, "என்னமோ நம்பர் மாதிரி இருக்கு. பூதக்கண்ணாடி வெச்சுத்தான் படிச்சேன்" என்று படித்துக் காட்டினார். "இப்ப கைப்பிடியோட அடியில பாரு." அதே நம்பர். 100 வருடத்துக்கு மேல் ஆகியும் தகடும் சட்டமும் பிரியாமல் ஒன்றாக இருந்திருக்கின்றன. அவர் குரலே மாறிவிட்டது. மகன் வெளிநாட்டில் இருந்துகொண்டு, இந்த வயதில் உங்களுக்கு இது எதற்கு, டீலரிடம் கொடுத்துவிட்டு லைசென்ஸைச் சரண்டர் செய்யுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். கொடுப்பதானாலும் அப்பா வைத்திருந்த மாதிரி முழுசாகக் கொடுக்க வேண்டும் என்பது இவர் பிடிவாதம்.

ஆகவே இப்போது பிரச்னை இன்னும் நுணுக்கமானது. எபோனைட் பழசாகப் பழசாக மொறுமொறுப்பாகிவிடும். கறுப்பு நிறம் வெளிச்சம் பட்டுப் பட்டுக் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிடும். (பழைய பேனா இருந்தால் எடுத்துப் பாருங்கள்.) பின் ஒரு மயிரிழை தடித்தால் குழியின் ஓரம் சில்லாகப் பெயர்ந்துவிடும். மெலிந்தால் மறுபடி ஆட்டம். வேறு ஜோடித் தகடு வாங்கிப் போட்டால் நம்பர் போய்விடும். பின்னின் விலை சில ரூபாய். அது தவறாக இருந்தால் போவது எத்தனையோ வருடத்துச் சேர்மானம்.

அளவிலும் ஒரு சங்கடம். அந்தத் துப்பாக்கி பிறந்தது அங்குல உலகத்தில். நம் கடையில் இன்று கிடைக்கும் டவல் பின், சில்வர் ஸ்டீல் ராடு எல்லாம் மில்லிமீட்டர். 1956ல் மெட்ரிக் சட்டம் வந்து, 1958லிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது வரைபடம் மில்லிமீட்டரில், மெஷின் அங்குலத்தில், ஃபோர்மேன் வாயில் நூல் கணக்கு. ஒரு அங்குலத்துக்கு 8 நூல். "அரை நூல் எடு" என்பார். மூன்றையும் மனசிலேயே மாற்றிப் போட்டுப் போட்டுத்தான் எங்களுக்கு வேலை படிந்தது. லங்காஷயர் ஸ்பின்னிங் மெஷின்களுக்கு ஸ்பேர் கிடைக்காமல் அங்கேயே கடைந்து மாட்டிப் பழகிய ஊர் கோவை. அங்குல ஓட்டைக்குள் மில்லிமீட்டர் பின் போனால் என்ன கதி என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நகரத்தில் லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடை. தோழர் தன் லைசென்ஸ் புத்தகத்தோடு ரிவால்வரைத் தானே எடுத்துக்கொண்டு வந்தார், நான் துணைக்கு. முன்னால் கண்ணாடி அலமாரியில் ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகள். காட்டுப் பன்றிக்குப் பயந்த மலையடிவார விவசாயிகள்தான் பெரும்பாலும் வாடிக்கை. பின்னால் ஒரு சின்ன பெஞ்ச், வைஸ், அதன்முன் என்னைவிடக் கொஞ்சம் இளைய ஒரு பெரியவர். உடைந்த மொட்டையைப் பித்தளைக் கம்பி வைத்துத் தட்டி எடுத்தார். துரு தின்றதால் அதன் அளவை நம்ப முடியாது என்று ஓரமாக வைத்துவிட்டார். மைக்ரோமீட்டரை அவர் எடுக்கவே இல்லை. ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். உள்ளே செத்துப்போன துப்பாக்கிகளின் ஸ்க்ரூ, ஸ்ப்ரிங், பின். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று எழுதி வைக்கவில்லை.

முதல் பின் லொடலொடவென்று விழுந்தது. இரண்டாவது போகவே மறுத்தது, அவரும் வற்புறுத்தவில்லை. மூன்றாவது சட்டத்தில் இறுக்கமாக உட்கார்ந்தது. ஆனால் தகட்டின் குழிக்குக் கொஞ்சம் கனம். நான் பக்கத்திலிருந்து, "தகட்டுக் குழியைக் கொஞ்சம் பெருசு பண்ணலாமா?" என்று கேட்டேன். அவர் வாய் கேட்டிருந்தது என் டூல் ரூம் புத்தி. பெரியவர் தலையசைத்தார். "தகட்டைத் தொடக்கூடாதுங்க சார். பழசு எதுவோ அதை விட்டுடணும். புதுசு எதுவோ அதைத்தான் ராவணும்."

பின்னைக் கைவைஸில் பிடித்து, சட்டத்துக்குள் போகும் நடுப்பகுதியை அப்படியே விட்டு, வெளியே நீட்டும் இரண்டு முனைகளை மட்டும் மெல்லிய எமரித் தாளில் உருட்டி உருட்டித் தேய்த்தார். தேய்ப்பார், தகட்டை வைத்துப் பார்ப்பார், விளக்கொளியில் பிடிப்பார், மறுபடி தேய்ப்பார். ஹார்ட்ஃபோர்டிலும் ஸ்ப்ரிங்ஃபீல்டிலும் எந்த வேலையை ஒழித்துவிட்டோம் என்று சொன்னார்களோ அதே வேலை, என் கண்முன்னால். முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் தகடு தன் எடையிலேயே மெல்ல இறங்கி உட்கார்ந்தது. ஸ்க்ரூவை விரலால் முடுக்கினார். அசைத்துப் பார்த்தார், அசையவில்லை. பில்லில் "கைப்பிடி சரிபார்த்த வகையில்" என்று ஒரே வரி. பின்னுக்கென்று தனியாக எதுவும் போடவில்லை.

ரிவால்வர் இப்போது எங்கே என்று கேட்பீர்கள். அடுத்த மாதமே தோழர் அதை முறைப்படி டீலரிடம் ஒப்படைத்துவிட்டார். பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

அந்தப் பின் சமாச்சாரத்தில் கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். இப்போது அமெரிக்காவில் மரத் தகடு போய் ரப்பர் கைப்பிடிகள் வந்துவிட்டன. முழுக்கைப்பிடியும் ஒரே அச்சில் வார்த்த ஒரே துண்டு. பக்கவாட்டு ஸ்க்ரூ கிடையாது, நம்பரும் கிடையாது. அதை எப்படி மாட்டுகிறார்கள் என்று படம் போட்டிருந்ததைப் பார்த்தேன். சட்டத்தில் அடித்திருக்கும் பழைய பின்னில் ஒரு சிறு இரும்பு லாடத்தை மாட்டுகிறார்கள். கைப்பிடியை அடியிலிருந்து மேலே ஏற்றி, அடியிலிருந்து ஒரே ஸ்க்ரூ போட்டு அந்த லாடத்தில் முடுக்கிவிடுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் தகடு திரும்பாமல் பார்த்துக்கொள்ள வைத்த பின், இப்போது மொத்தக் கைப்பிடியையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது.